ஆடற்குரிய இனமும் சாத்தனார் படைத்த நாகரும்

காப்பியம் பாடுவோர் தனிமாந்தரைப் படைப்பதோடு அமைவதில்லை. மக்கட் கூட்டங்களையும் படைக்கின்றனர். நாகர், அரக்கர், இயக்கர், விஞ்சையர், பூதர் என நம் நூல்களில் வருவோர் அத்தகைய கூட்டத்தினர். தனிமாந்தர் படைப்பைப் பற்றிய ஆய்வுகள் நம்மிடையே பல உள. கோவலன் பண்பு, மாதவி பண்பு, மணிமேகலை பண்பு என மாணவர் ஆண்டுதோறும் எழுதி வருகின்றனர். (அவற்றுட் சில ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியனபோல் தோன்றுவது வேறு செய்தி.) ஆயின், ஒரு கூட்டத்தை முழுமையாகப் படைக்கும் நெறி யாது, அப்படைப்பு எவ்விடத்தே செம்மையுறுகிறது, எவ்விடத்தே பிழைபடுகிறது என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம்.

இவ்வினாவை அண்மையில் என்முன் வைத்தது ஓலைச்சுவடி அன்று. விளையாட்டிற்கென எழுதப்பெற்ற குறிப்பேடு ஒன்று. அமெரிக்க நாட்டில் 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் பெயரில் ஒரு விளையாட்டை ஆக்கி வெளியிட்டனர். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, அப்பாத்திரம் யாது கூறும், யாது செய்யும் என்பதைத் தம் வாயாலேயே சொல்லிக் கதையை நகர்த்துவர். ஐயத்திற்கு இடமான செயல் கைகூடியதா என்பதைப் பகடை முடிவு செய்யும். நம் கூத்தில் பனுவல் முன்னரே உண்டு. இவ்விளையாட்டிலோ ஆட்டத்தின்போதுதான் பனுவல் பிறக்கிறது. ஆடுவோர் தம் பாத்திரம் எவ்வினத்தைச் சார்ந்தது என்பதை முதற்கண் தேர்ந்துகொள்ளல் வேண்டும். முதற்பதிப்பில் மனிதர், குள்ளர், எல்ஃபுகள், ஹாபிட்டுகள் என்னும் நான்கே இருந்தன. பின்னர் அவை பெருகின. அச்சிட்ட நூலின் உலகை விடுத்துத் தாமே ஓர் உலகைப் புனைந்து ஆடுவோரும் உளர்.

நாகூரில் வாழும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அவ்வாறு புனைந்துள்ளார். வெட்டாறு கடலொடு கலக்கும் இடத்தை நடுவாகக் கொண்டது அவ்வுலகம். அதன்கண் ஆடுவோர் ஏற்றுக்கொள்ளத்தக்க இனங்கள் நான்கு: நாகர், பூதர், விஞ்சையர், ஜின்கள். ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு பக்கம்; ஒவ்வொரு பக்கத்திலும் வலிமை, அறிவு முதலியவற்றுக்குரிய எண்கள். நாகர்க்குரிய பக்கத்தில் நீருள் மூச்சடக்கும் ஆற்றலும், நஞ்சு தாங்கும் உடலும், மனித ஊன் உண்ணும் வழக்கமும், இரக்கமின்மையும் எழுதப்பட்டிருந்தன. ஆட்டம் நிகழ்ந்த ஓர் இரவில் நாகமகள் ஒருத்தியின் பாத்திரத்தை ஏற்ற மாணவி, கரையொதுங்கிய வணிகனைக் கொல்ல மறுத்தாளாம். நாகர்க்கு இரக்கம் இல்லை என்பது விதியாதலின் அம்மறுப்புச் செல்லாது என்றனர் சிலர். செல்லும் என்றனர் சிலர். ஆட்டம் அன்றோடு நின்றுவிட்டது. ‘நாகர் மறுக்கலாமா?’ என்னும் ஒரு வரியுடன் குறிப்பேடு என்னிடம் வந்தது.

இதனை விளையாட்டுச் செய்தி என்று தள்ளிவிட இயலவில்லை. மணிமேகலை ஆசிரியரை நோக்கியே கேட்கத்தக்க வினா இது. என் கருத்தை முன்னரே கூறிவிடுகிறேன்: ஓர் இனத்தான் தன் இனத்தின் வழக்கத்தை மறுத்தற்கு இடம் இருந்தால் மட்டுமே அவ்வினம் ஆடற்குரியது ஆகும், இடம் இல்லையேல் அஃது இனம் அன்று, பொறி. சாத்தனார் இவ்விடத்தை நாகர்க்கு அளித்துள்ளார் என்பதும், பிற்காலத்து ஆய்வாளர் சிலர் அதனைப் பறித்தனர் என்பதும் ஈண்டுக் காட்டப்படும்.

இனங்களைப் புனைவதற்குத் தமிழில் ஒரு பழைய அமைப்பு உண்டு. தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள் எனத் தொகுப்பவற்றை நோக்குக: தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ். குறிப்பேடு எழுதிய மாணவர் இவ்வெட்டனுள் உணவு ஒன்றையே எடுத்துக்கொண்டார். அதனையும் அச்சுறுத்தற்கு எடுத்துக்கொண்டார். நாகர் எத்தெய்வத்தை வழிபடுவர், எம்மரத்தின் கீழ்க் கூடுவர், எப்பறை கொட்டுவர், நாள்தோறும் யாது தொழில் செய்வர் என்பன எழுதப்பெறவில்லை. ஊன் உண்பவர்க்கும் உண்ணாத வேளை ஒன்று உண்டன்றோ? அவ்வேளையில் அவர் யாது செய்வர் என்று அறியாதார் அவரைப் படைத்தவர் ஆகார்.

தொல்காப்பிய அமைப்பில் எண்ணத்தக்கது மற்றொன்றும் உண்டு. அதன்கண் மக்களை வேறுபடுத்துவது குருதி அன்று, நிலம். கானவரும் ஆயரும் உழவரும் பரதவரும் தத்தம் நிலத்தாலும் தொழிலாலும் வேறுபடுகின்றனரேயன்றிப் பிறப்பில் அமைந்த குணத்தால் வேறுபடுகின்றிலர். ஒரு நிலத்துப் பூவோ புள்ளோ பிறிதொரு நிலத்தில் வந்து தோன்றினால், அது வந்து சேர்ந்த நிலத்திற்கே உரியதாகும் என்று அவ்வாசிரியர் வரையறுப்பதும் கருதத்தக்கது. உரையாசிரியர் இதனைத் திணைமயக்கத்திற்கு இடந்தரும் விதியாகக் கொண்டனர். இடம் பெயர்ந்தது புதிய இடத்தின் பயனாகும் என்பது இனப்படைப்பிற்கும் நல்ல விதியே.

இனிச் சாத்தனாரிடம் செல்வாம். மணிமேகலையின் பதினாறாம் காதையாகிய ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’யுள் சாதுவன் வரலாறு வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகனாகிய அவன், கணிகை வாழ்க்கையிலும் சூதிலும் பொருளை இழந்து, பொருள் தேடும் பொருட்டு வங்கம் ஏறுகிறான். கலம் உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றி மிதந்து, நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைகிறான். தளர்ச்சியால் மரநிழலில் உறங்குகின்றவனை அங்கு வாழும் நக்கசாரணர், அஃதாவது ஆடையின்றித் திரிவோர், கண்டு, நல்ல உணவு வந்து வாய்த்தது என்று மகிழ்ந்து எழுப்புகின்றனர்.

இதுகாறும் நிகழ்ந்தது எந்நாட்டுக் கதையிலும் நிகழக்கூடியது. இதற்கு மேல் நிகழ்வதுதான் சாத்தனாரின் தனிச்சிறப்பு. சாதுவன் அவர்தம் மொழியை அறிந்தவன், அம்மொழியிலேயே பேசுகிறான். பேசியதும் அவர்கள் கொல்லாது விலகி நின்று, தம் தலைவனிடம் வருமாறு அழைக்கின்றனர். அவனைக் காத்தது வாளும் அன்று, மந்திரமும் அன்று, தெய்வமும் அன்று, மொழியே. அதே காதையில், அவன் இறந்தான் என்று கேட்டுத் தீப்புகும் ஆதிரையை நெருப்புச் சுடாமல் விடுகிறது. மனைவிக்கு அற்புதம் வேண்டிய இடத்தில், கணவனுக்கு இலக்கணம் போதுமாயிற்று. சாதுவன் அம்மொழியை எங்கே கற்றான் என்பதைப் புலவர் சொல்லவில்லை. புகார் போன்ற கடற்றுறையில் பன்மொழி அறிந்த வணிகன் இருத்தல் இயல்பு. விளக்கம் வேண்டா என்று கருதினார் போலும். நாகையிலும் நாகூரிலும் கப்பல் வணிகம் நடத்தியோர் மலாய் மொழி அறிந்திருந்த செய்தியை நினைப்பார்க்கு இது புதுமை ஆகாது.

தலைவனிடம் நிகழும் உரையாடல் இன்னும் ஆழமானது. வந்தவனின் துன்பத்தைக் கேட்ட தலைவன் இரங்குகிறான். இளமகள் ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் இவனுக்குக் கொடுங்கள் என்று ஆணையிடுகிறான். குறிப்பேட்டின் ‘இரக்கமின்மை’ என்னும் சொல் இங்கேயே பொய்யாகிறது. உடைகலத்தில் வந்தவன் உணவு ஆவான். மொழி பேசினவன் விருந்து ஆவான். இரண்டும் அம்மக்களின் வழக்கமே. கொடுமை என்று நாம் காண்பதும் விருந்தோம்பல் என்று நாம் காண்பதும் ஒரே சட்டத்தின் இரு பகுதிகளாக இருத்தல் காண்க. இனத்தைப் படைத்தல் என்பது இது: நல்லவை சில, தீயவை சில என்று கலந்து வைப்பதன்று, அவ்விரண்டும் ஒரு வேரிலிருந்து எழுமாறு அமைப்பது.

சாதுவன் மறுக்கிறான். தலைவன் வெகுள்கிறான். பெண்ணும் உணவும் இன்றி மாந்தர்க்கு இவ்வுலகில் பயன் யாது என்று கேட்கிறான். கேள்வி அறியாமையிற் பிறந்ததாயினும் கேட்கும் முறை அறிவுடையது. தன் வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் உண்டு என்றும், அது கண்கூடாகத் தெரிவது என்றும் அவன் கருதுகிறான். சாதுவன் உயிரின் நிலையைக் கூறுகிறான். உடல் இங்கே கிடக்க உயிர் நெடுந்தொலைவு செல்வதைக் கனவில் காண்கிறோம் அன்றோ என்று எடுத்துக்காட்டுகிறான். நூல்வழக்கைக் காட்டாமல் கனவைக் காட்டியது நோக்கத்தக்கது. நூல் ஒருவர்க்கு உண்டு, ஒருவர்க்கு இல்லை. கனவு இருவர்க்கும் பொது. பின்னர் இதே காப்பியத்தில் சமயக் கணக்கர் திறமும் அளவை நெறியும் விரிவாக வருகின்றன. அவற்றைக் காட்டிலும் நாகர் தலைவனோடு நிகழ்ந்த இச்சிறு வாதம் என் உள்ளத்தில் நிலைக்கிறது. அங்கே வெல்லப்படுவோர் ஏட்டிலிருந்து வந்தவர்; இங்கே ஒருவன் எதிரே அமர்ந்து கேட்கிறான்.

தலைவன் பணிகிறான், ஆயினும் முற்றும் பணிந்தான் அல்லன். கள்ளும் ஊனும் விட்டு இவ்வுடலில் உயிர்தாங்க எமக்கு இயலாது. எமக்குப் பொருந்தும் அறம் யாதோ அதனைக் கூறுக என்கிறான். காதையின் உயிர்நிலை இவ்விடமே. கேட்பவன் தன் நிலத்தை நினைந்து கேட்கிறான். அம்மலைத்தீவில் வயல் உண்டு என்று புலவர் யாண்டும் பாடவில்லை. மறுமொழி கூறும் சாதுவனும் அந்நிலத்தை நினைந்தே கூறுகிறான். கலம் உடைந்து கரையேறும் மக்களைக் கொல்லாது காக்க. மூத்துத் தாமே இறந்த விலங்கினை ஒழித்து, ஏனை உயிர்களிடத்துத் தீங்கு செய்யாதொழிக என்பது அவன் விதித்த அறத்தின் பொருள். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட பௌத்தக் காப்பியம், ஓர் இனத்தின்பொருட்டுத் தன் அறத்திற்கு ஒரு விலக்கு வகுக்கிறது. நாகர் புகார்வாசிகளாக மாறவேண்டும் என்று சாதுவன் கேட்டிலன். ஆடையுடுக்குமாறும் கேட்டிலன். அவர் நாகராகவே இருந்து ஒன்றை மறுத்தல் போதும் என்றான்.

நாகர் மறுக்கலாமா என்னும் வினாவிற்கு விடை இதுவே. மறுக்கலாம்; மறுத்தனர். முன்னர்க் கொன்ற வணிகரிடமிருந்து எடுத்து வைத்திருந்த சந்தனம், அகில், ஆடை, பொன் முதலியவற்றைச் சாதுவன்முன் கொண்டுவந்து குவித்து, இவற்றைக் கொள்க என்றனர். அவன் அவற்றொடு சந்திரதத்தன் கலத்தில் ஏறிப் புகார் மீண்டான். கொலையுண்டார் பொருளைக் கொண்டு சாதுவன் செல்வனானது அறமா என்று எவரேனும் கேட்பின், அது நல்ல வினாவே; மணிமேகலையின் பாத்திரத்திற்கு முதற்பிச்சை இடும் இல்லத்தின் செல்வம் அது. இதனை நான் ஈண்டு விரிக்கவில்லை.

நாகர் என்னும் பெயரில் சாத்தனார் படைத்தோர் இவர் மட்டும் அல்லர். மணிபல்லவத்தில் உள்ள பீடிகையின்பொருட்டு நாகநாட்டு மன்னர் இருவர் போர் மேற்கொள்ள, புத்தன் தோன்றி அவர் பகை தீர்த்த செய்தி இந்நூலிலேயே உண்டு. நாகநாட்டு வேந்தன் வளைவணனுக்கும் வாசமயிலைக்கும் பிறந்த பீலிவளை, புகார்ச் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளியோடு கூடியிருந்து, பின் சொல்லாது நீங்கிய செய்தியும் உண்டு. அவள் ஈன்ற மகனைக் கொண்டுவந்த கலம் கெட்டது. மகனைத் தேடிய மன்னன் இந்திரவிழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது. ஆக, ஒரே காப்பியத்தில் நாகர் ஆடையற்ற மலைவாணராகவும், பீடிகைக்குப் பொரும் அரசராகவும், சோழர் குலத்தொடு கலந்த கோமகளாகவும் வருகின்றனர். இம்மூன்றும் வெவ்வேறு மரபிலிருந்து வந்து சேர்ந்த செய்திகள் என்று பகுத்துக் காட்டுவோர் காட்டலாம். எனினும் நூலைத் தொகுத்த உள்ளம் ஒன்று; அவ்வுள்ளம் இவற்றை ஒரே பெயரின் கீழ் வைக்கத் தயங்கவில்லை. நாகர்க்கு ஒரே குணம் உண்டு என்று அது கருதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அவ்வாறு கருதியவர் பின்வந்த ஆய்வாளர். ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர்’ என்னும் பொருள்படும் பெயரால் வி. கனகசபைப் பிள்ளை 1904இல் வெளியிட்ட ஆங்கில நூல், நம் பழைய வரலாற்றை உலகறியச் செய்த நூல்களுள் ஒன்று. அதன்பால் நமக்குள்ள கடன் பெரிது. ஆயினும் அந்நூல், காப்பியத்து நாகரை வரலாற்று இனமாக எடுத்துக்கொண்டு, மறவர், எயினர், பரதவர் முதலியோரை அவ்வினத்தின் கிளைகளாக எண்ணியது. புலவன் கடலுக்கு அப்பால் வைத்த புனைவு, அறிஞர் கையில் கரையேறி, நம் ஊர்களில் வாழும் மக்கள்மேல் படிந்தது. நிலத்தாலும் தொழிலாலும் விளங்கிய வேறுபாடு குருதியால் வந்த வேறுபாடாயிற்று. அக்காலத்துப் பேரறிஞர் பலரும் மேலைநாட்டு இனக்கோட்பாட்டில் பயின்றவர். ஆதலின் அவர் ஒருவரை மட்டும் குறைகூறல் முறையன்று. ஆனால் அக்கோட்பாடு நூலகத்தில் மட்டும் வாழவில்லை. பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனச் சில குடிகளை வகுத்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்திற்கு விரிந்தது. 1947இல்தான் இம்மாகாணத்தில் நீங்கிற்று. ஒரு கூட்டத்தார்க்கு ஒரு குணம் என்று எழுதுவது வெறும் எழுத்து அன்று என்பதை நாம் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

குறிப்பேட்டின் ‘இரக்கமின்மை’க்கும் இச்சட்டத்திற்கும் தொலைவு மிகுதி என்பது மெய்யே. இளைஞர் இருட்டில் அமர்ந்து பகடை உருட்டுவதைச் சட்டத்தொடு ஒப்பிடுவது மிகை என்று நண்பர் ஒருவர் கூறினார். ஆயினும் இவ்விளையாட்டை ஆக்கி விற்போரே இதனை எண்ணிப் பார்த்துள்ளனர். இவ்வுலகங்களுக்கெல்லாம் முன்னோடியாகிய டோல்கீன், ஆர்க்குகள் என்னும் கூட்டத்தைத் தீமையின் படையாக அமைத்தார். அவர்கள் மீட்சிக்கே இடமற்றவரா என்னும் இடர்ப்பாட்டை அவர் தம் கடிதங்களில் ஆராய்ந்துள்ளார். 2024இல் வெளிவந்த ஆடுவோர் கையேட்டில், இனம் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லை விடுத்து, உயிர்வகை என்னும் பொருளுடைய சொல்லை வைத்தனர். வலிமை, அறிவு முதலியவற்றின் மிகுதியையும் பிறப்பொடு பொருத்தாமல், அப்பாத்திரம் முன்னர் வாழ்ந்த வாழ்க்கையொடும் செய்த தொழிலொடும் பொருத்தினர். ஐம்பது ஆண்டுகள் ஆடிய பின்னர் அவர்கள் வந்தடைந்த இடம் கருப்பொருளுக்கு அண்மையது. பெயர்மாற்றம் எனக்கு அத்துணைப் பெரிதாகத் தோன்றவில்லை. எண்ணைப் பிறப்பிலிருந்து தொழிலுக்கு மாற்றியதே பெரிது.

பூதரைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. புகாரின் சதுக்கப்பூதம் பொய்த்தவத்தார், பொய்க்கரி கூறுவோர், புறங்கூறுவோர், பிறன்மனை விழைவோர் முதலியோரைப் பாசத்தால் பிணித்து உண்பது. சிலப்பதிகாரத்தில் பொய்க்கரி கூறியவனைப் பூதம் பற்றியபோது, அவன் தாயின் துயர் பொறாத கோவலன், அவனுயிர்க்கு ஈடாகத் தன்னுயிரைத் தர முன்வருகிறான். பூதம் ஏற்கவில்லை. தீயோன் உயிர்க்கு நல்லோன் உயிரை ஈடாகக் கொள்ளும் வழக்கு அதற்கு இல்லை. இதுவும் மறுப்பே, ஆனால் விதி மறுத்த மறுப்பு, பூதம் மறுத்தது அன்று. தன் விதிக்கு அப்பால் அதனால் ஒரு சொல்லும் கூற இயலாது. அது முறைமன்றத்தின் உருவம். அதனை ஏற்று ஆடுவோர்க்கு ஆடுதற்கு ஒன்றும் இல்லை. கதை நடத்துநர் கையில் இருக்கட்டும்.

விஞ்சையர் செய்தி வேறு. அவர்க்குக் குறிப்பேடு வானில் பறக்கும் ஆற்றலை அளித்துள்ளது. விலை ஒன்றும் கேட்கவில்லை. சாத்தனார் கேட்டார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனி, விருச்சிக முனிவன் உண்ணுதற்கு வைத்தது; அதனைக் காலால் சிதைத்தாள் விஞ்சைமகள் காயசண்டிகை. அவன் சாபத்தால் யானைத்தீ என்னும் பெரும்பசி அவளைப் பற்றியது. பசி பற்றியதும் வான்வழிச் செல்லும் மந்திரம் மறந்துபோயிற்று. பறத்தல் சிறகின் வேலையாக இராமல் நினைவின் வேலையாக இருத்தல் காண்க. வயிறு எரியும்போது நினைவு இல்லை. நினைவு இல்லையேல் வானும் இல்லை. காவிரி பொய்த்த ஆண்டுகளைக் கண்ட எங்கள் தஞ்சைப் பகுதியில் இதற்கு உரை வேண்டா. மணிமேகலை இட்ட உணவால் பசி நீங்கி அவள் மீளப் பறந்தபோதும் புலவர் அவளை விடவில்லை. விந்தமலையைக் காக்கும் விந்தாகடிகை, தன் மலைமேல் பறப்போரை நிழலைப் பற்றி இழுத்து வயிற்றில் அடக்குபவள். காயசண்டிகையின் முடிவு அதுவாயிற்று. ஆற்றல் ஒன்று கொடுத்தால் அதனை இழக்கும் வழி ஒன்றும், அது செல்லாத இடம் ஒன்றும் உடன் கொடுக்கவேண்டும் என்பதை மாணவர் இவ்விடத்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஜின்களுக்குரிய பக்கமே குறிப்பேட்டில் மிக நன்றாக எழுதப்பட்டது. காரணம் தேடவேண்டுவதில்லை, நாகூரில் ஜின் என்பது ஏட்டுச்சொல் அன்று, வீட்டுச்சொல். புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பெற்ற அவர்கள், மனிதரைப்போலவே நன்மையும் தீமையும் தெரிந்தெடுக்கும் உரிமை உடையவர் என்பது இசுலாமிய நம்பிக்கை. குர்ஆனின் எழுபத்திரண்டாம் அத்தியாயம் அவர்கள் பெயரையே தாங்கியது; தம்முள் நல்லோரும் உளர், அல்லாதாரும் உளர் என அவர்களே கூறுவதாக அதன்கண் வருகிறது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் ஜின்கள் ஈமான் கொண்ட வரலாற்றிற்குத் தனிப் படலம் வகுத்தார். ஆடற்குரிய இனத்திற்கு வேண்டிய அடிப்படை முழுவதும் இம்மரபில் முன்னரே அமைந்துவிட்டது. மாணவர் பக்கத்தில் ஒரு குறை உண்டு. ஜின்களைப் பாலைநிலத்தில் வைத்துவிட்டார். உமறு அரபு நாட்டையே ஆறும் வயலும் செந்நெல்லும் உடையதாகப் பாடியவர் என்பதை அவர் மறந்தார். மெய்ந்நிலத்தை அறியாமையால் அங்ஙனம் பாடினார் என்பாரும் உளர். அது பொருந்தாது. தொலைவிலுள்ள மக்களைத் தன் கேட்போர்க்கு அணியராக்க, தன் கேட்போரின் மருத நிலத்தையே அவர்களுக்கு ஈந்தார் என்று கொள்வதே நேரிது. நாகூர்ப் புராணம் பாடிய குலாம் காதிறு நாவலரும் (1833–1908) காப்பிய மரபின்வழி நின்றே இவ்வூரைப் பாடினார். வெட்டாற்றங்கரையில் நடக்கும் கதையில் ஜின்களும் அவ்வாற்றங்கரையில் இருந்தால் என்ன?

சாத்தனாரைப் புகழ்ந்தவிடத்து அவர் குறைகளையும் சொல்லியாதல் வேண்டும். நாகர் தலைவன் தன் துணையொடு வீற்றிருந்த காட்சிக்கு, கரடி தன் பெட்டையொடு இருத்தலை அவர் உவமையாக்கினார். கள் காய்ச்சும் கலமும் ஊன் நாற்றமும் வெள்ளெலும்பும் சூழ அவனை வைத்தார். அறிவோடு வாதிடப்போகும் ஒருவனை முதலில் விலங்காகக் காட்டிப் பின் மனிதனாகக் காட்டுதல் ஒரு நயம் என்று உரைப்போர் உரைக்கலாம். நக்கசாரணரை நக்கவாரத்தோடு, அஃதாவது இற்றை நிக்கோபார்த் தீவுகளோடு இணைத்துக் காண்போர் உளர். முதலாம் இராசேந்திரன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் அவன் வென்ற இடங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அவ்விணைப்பு உறுதிப்படுமாயின், கரடி உவமை கற்பனை இனத்தின்மேல் அன்றி, இன்றும் அத்தீவுகளில் வாழும் மக்களின் முன்னோர்மேல் ஏறும். அப்போது அதனை நயம் என்று மட்டும் சொல்லிக் கடத்தல் அரிது. நாகூர், நாகப்பட்டினம் என்னும் பெயர்களை நாகரொடு இணைப்போரும் உளர். பெயரொப்புமை கொண்டு இனத்தை நிறுவுதல் கனகசபைப் பிள்ளை சென்ற வழியிலேயே நம்மைக் கொண்டுசெல்லும். ஆதலின் அதனை நான் மேற்கொள்ளவில்லை.

மற்றொரு குறை இதனினும் பெரிது. சாத்தனாரின் நாகருள் ஆடவரே பேசுகின்றனர். பீலிவளையைப்பற்றிப் பிறர் பேசுகின்றனர். அவள் நீங்கியதையும், இனி வாராள் என்பதையும், மகன் மட்டுமே வருவான் என்பதையும் சோழனுக்குச் சாரணன் ஒருவனே கூறுகிறான். கரடிப் பெட்டையொடு ஒப்பிடப்பட்ட தலைவன் துணையும் வாய் திறக்கவில்லை. பெண்ணையே தலைமகளாக்கி, அவள் துறவைப் பாடிய காப்பியம் இது. எனினும் நாகமகளிர்க்கு அதன்கண் மொழி இல்லை. மறுப்பு என்பது தலைவனுக்கு வழங்கப்பட்டது. அவன் மறுத்ததும் அவன் கூட்டம் மறுத்ததாகக் கொள்ளப்பட்டது. குறிப்பேட்டின் விதியை மீறி வணிகனைக் கொல்ல மறுத்த மாணவி, தலைவன் ஆணைக்குக் காத்திருக்கவில்லை. இவ்வொரு கூற்றில் நாகூர் மேசை மணிமேகலையைக் கடந்து செல்கிறது. விதியைத் திருத்தி ஆட்டத்தைத் தொடருமாறு மாணவர்க்கு எழுதியுள்ளேன்.

சாதுவனுக்குக் கொடுக்குமாறு தலைவன் ஆணையிட்ட அவ்விளமகளைப் பற்றி இன்னும் ஆராய இடம் உண்டு. அவளுக்குப் பெயர் இல்லை. ஆணையைக் கேட்டு அவள் எழுந்தாளா, வெருண்டாளா என்பது நூலில் இல்லை. சாதுவன் வேண்டா என்றபின், வாதம் உயிரைப் பற்றியும் ஊனைப் பற்றியும் கள்ளைப் பற்றியும் செல்கிறது. கொலை ஒழிந்தது, விருந்துப் பொருள்களுள் ஒன்றாகப் பெண்ணைக் கொடுக்கும் வழக்கம் ஒழிந்ததா என்பதைச் சாதுவனும் கேட்கவில்லை, தலைவனும் கூறவில்லை.